மாமா கட்டிய சுவர்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். சுரங்கத்தைச் சுவர் வைத்து அடைத்தபோது அப்பா உயிரோடு இருந்தாரா என்று போனில் கேட்டாய். எனக்குத் தெரியாது. இத்தனை வருடம் நீ கேட்காமல் இருந்ததே பெரிது.

தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். கிணறு வெட்டியவர்கள் கண்ட கறுப்புக் கல்லால் உண்டான ஊர் இது. வெட்டுகிறவர்களுக்கு ஒரு தெரு, அள்ளுகிறவர்களுக்கு ஒரு தெரு என்று கம்பெனி வரிசையாக வீடு கட்டியது; கொடியில் காயும் துணியில் கரி படியும், அதனால் இங்கே யாரும் வெள்ளை வாங்குவதில்லை. உள்ளே தீப்பிடித்த அன்று அப்பாவும் அவரோடு இருந்தவர்களும் தீக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். குழாய் விட்டு எடுத்த காற்றை நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்துக்குத்தான் கொண்டுவந்தார்கள். அந்தக் காற்றில் யாரும் பிழைக்க முடியாது என்பது உண்மை. ஆனால் அது தீக்கு இந்தப் பக்கத்துக் காற்று. கடைக்கோடியில் எப்படி இருந்ததென்று யாருக்குத் தெரியும்? அடைத்தால்தான் தீ அணையும், இல்லாவிட்டால் பக்கத்துச் சுரங்கமும் போய்விடும் என்றார் மேனேஜர். கம்பெனிக் கொத்தனார் என் அண்ணன், உன் மாமாதானே, அவரைக் கூப்பிட்டார்கள். கட்டும்போது உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்டதா என்று ஊரே அண்ணனைக் கேட்டது. தண்ணீர் இறைக்கும் பம்பு பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தினால் வெள்ளம், ஓடினால் காதில் ஒன்றும் விழாது. அவர் யாருக்கும் பதில் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை. நிலம் இறங்கி எல்லா வீடும் வெடித்துக் கிடக்கிறதா, டீக்கடையில் அவர் காதுபடவே, "நம்ம கொத்தனார் கட்டுனதுல அந்தச் சுவரு ஒண்ணுதான் விரிசல் விடல" என்று சிரிப்பார்கள். டீயை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் எழுந்து வருவார்.

இப்போது சுரங்கத்தையே மூடிவிட்டுக் கம்பெனி கிளம்புகிறது. அதற்கு முன் சுவரைத் திறந்து எலும்பையாவது கொடுங்கள் என்று குடும்பங்கள் கேட்டு, நாளைக் காலை உடைக்கிறார்கள். சங்கச் செயலாளர், அடுப்படியில் நின்றாலும் மேடையில் நிற்பது போலப் பேசுவாரே, அவர் வந்து, "உண்மை வெளிய வந்துரும் தங்கச்சி" என்றார். எலும்பைப் பார்த்து எந்த நேரத்தில் உயிர் போனதென்று எப்படிச் சொல்வீர்கள் என்றேன். "படிச்சவங்ககிட்ட வாயக் குடுக்கக் கூடாதுப்பா" என்று எழுந்துவிட்டார். பேசினேனே தவிர, எனக்கும் உன் அப்பாவை வெளியே எடுத்துவர வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

நீ லீவு கேட்டு அலையாதே. குளிர் என்றாயே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. மாமாவுக்கு மறக்காமல் ஒரு போன் போடு. இதைப் பற்றி மட்டும் கேட்காதே. நீ ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், கண்ணே.

உன்
அம்மா

மறுநாள் மாலை எழுதுகிறேன். உடைத்தார்கள். சுவருக்குப் பின்னால் கூரை மொத்தமாக இடிந்து கிடக்கிறது. தோண்டினால் இன்னும் இறங்கும், ஆளை உள்ளே விட முடியாது என்றுவிட்டார் எஞ்சினியர். அப்படியே திறந்து போட்டுவிட்டும் போக முடியாது. ஊரில் வேறு கொத்தனார் இல்லை. அண்ணன் கரண்டியை எடுத்தார். நான் பக்கத்தில் நின்று செங்கல் எடுத்துக் கொடுத்தேன். கடைசிக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, "வைக்கட்டுமாம்மா?" என்று கேட்டார். வைங்கண்ணா என்றேன். வைத்தார்.