வரிசை முடியட்டும், பாஸ்

கைப்பையில் சாவியைத் துழாவினேன். விரலில் அரிசி ஒட்டிக்கொண்டு வந்தது. போன வாரம் பாச்சாங்கில், உங்கள் வீட்டில் அள்ளிய வாய்க்கரிசியின் மிச்சம், பாஸ். குப்பையில் போடத்தான் போனேன். அதற்குள் நீங்கள் ஞாபகத்துக்கு வந்து தொலைத்தீர்கள்.

பத்து பெரண்டாம் தொழிற்சாலையில் நீங்கள் கணினிப் பிரிவுத் தலைவர், நான் ஒப்பந்த ஊழியர். ஸ்டோர் இருப்புக் கணக்கெல்லாம் தினமும் தரவுக் கிடங்குக்குப் போய்ச் சேர வேண்டும். அதைக் கொண்டுசேர்க்கும் நிரல்தான் ஜாப்; படிபடியாக ஓடும். ஓடிக்கொண்டிருக்கும் ஜாப்பை நிறுத்த ஒரு முறை உண்டு. அடுத்த படி தொடங்காமல் பிடித்துவைத்து, நடக்கிற படி முடியும்வரை காத்திருந்து, பிறகு நிறுத்துவது. கொஞ்சம் பொறுமை போதும். அந்தக் கொஞ்சமும் உங்களிடம் கிடையாது. சிவப்புப் பொத்தானை அமுக்குவதை ஏதோ சூரசம்ஹாரம் போலச் செய்வீர்கள்.

அந்த மாசி மகத்தன்று தவறுதலாகப் பழைய கோப்பைக் கொடுத்து ஜாப்பை ஓடவிட்டதும் நீங்கள்தான், பாதியில் நிறுத்தப் போனதும் நீங்கள்தான்.

"பாதி எழுதியிருக்கும் பாஸ். இந்தப் படி முடியட்டும். இல்லன்னா எழுதுனத அழிச்சிட்டுத்தான் திரும்ப ஓடவிடணும்" என்றேன்.

"ரதம் செங் கோயிலுக்குப் போயிரும்லா வேணி! உன்னோட படி முடியறவரைக்கும் சாமி நிக்குமா?"

நீங்களே நிறுத்தினீர்கள், எழுதியதை அழிக்காமல் நீங்களே மறுபடி ஓடவிட்டீர்கள், கழுத்தில் தைலத்தைத் தடவிக்கொண்டு கிளம்பினீர்கள். அழிக்கும் அனுமதியை எனக்குத் தந்திருந்தால் உங்கள் பதவி தேய்ந்துவிடும் பாருங்கள்.

இருப்பில் பாதி இரண்டு முறை ஏறியது. இல்லாத திருகாணிகள் ஸ்டோரில் குவிந்து கிடப்பதாகக் காட்ட, யாரும் ஆர்டர் போடவில்லை. உற்பத்தி நின்றது. கூட்டத்தில் கண்ணிமைக்காமல் என்னைக் கைகாட்டினீர்கள்.

"நீங்கதானே பாஸ் அமுக்குனீங்க?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். சிரித்தீர்கள். என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. வயிற்றில் பிள்ளையோடு படியேறி இறங்கி வேலை தேடினேன். அந்தச் சிரிப்பை இன்றும் வெறுக்கிறேன்.

'எடுத்த காரியத்தைப் பாதியில் விடாத மாமனிதர்' என்று வாட்ஸ்அப்பில் உங்களைப் பற்றிய இரங்கல் செய்தி வந்தது. பாயா ரும்புட்டில் என் எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கும்படி சிரித்தேன். செத்தது நிஜம்தானா என்று பார்க்கத்தான் உங்கள் வீட்டுக்கு வந்தேன்.

வாய்க்கரிசி வரிசை பாதிதான் நகர்ந்திருந்தது. மழை இருட்டிக்கொண்டு வந்தது. தொழிற்சாலை ஆட்கள், உங்களிடம் வேலை பழகியவர்கள் அல்லவா, "போதும்லா, பெட்டிய மூடுங்க" என்று ஆரம்பித்தார்கள். உங்கள் தங்கை கையில் அரிசியோடு விழித்துக்கொண்டு நின்றார். என்னால் பொறுக்க முடியவில்லை.

"யாரும் மூட வேணாம்! புதுசா யாரும் சேராதீங்க. நிக்கிறவங்க போட்டு முடிக்கட்டும். அப்புறம் மூடலாம்" என்று கத்தினேன்.

மழை வந்தது. நனைந்துகொண்டே எல்லாரும் போட்டார்கள். என் முறையில் நானும் போட்டேன். பாசமெல்லாம் இல்லை, பாஸ். வரிசையில் நின்றுவிட்டேன், பாதியில் விலகும் பழக்கம் எனக்கு இல்லை. உங்களை மன்னிக்கவும் இல்லை. வரிசையை முறையாக நிறுத்தினேன், அவ்வளவுதான்.