அம்மாவின் கால்

புரட்டாசி 12, வெள்ளி.

இன்று நடவுக்கு இறங்கப்போன அம்மாவைப் பண்ணைக் காரியக்காரர் வரப்பிலேயே நிறுத்திவிட்டார். "யானைக்கால வச்சிக்கிட்டு சேத்துல எறங்காத. மத்தவளுக்கும் ஒட்டிக்கும்."

ஆறு வருடமாக அவர் கண்ணெதிரே அதே காலோடுதான் நட்டாள். போன வாரம் கூலி உயர்வு கேட்டு முதலில் பேசியதும் அவள்தான். அவர் பயந்தது அந்த வாய்க்கு.

"கொசுவாலதான் வருதுன்னு நீ படிச்சதச் சொல்லேன்டி" என்றாள் அம்மா. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். விலங்கியல் பட்டதாரியான நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

இரத்தத்தைத் தள்ள இதயம் இருக்கிறது. யானைக்காலில் தேங்கி வீங்கவைக்கும் நிணநீருக்கு அப்படி ஒன்றும் கிடையாது. கால் நடந்தால்தான் அது மேலே ஏறும். இதை நான்கு பக்கம் எழுதித்தான் பரீட்சையில் தேறினேன்.

வீடு வந்ததிலிருந்து அம்மா உட்கார்ந்தே இருக்கிறாள். வீக்கம் கூடியிருக்கிறது.