அம்மா இப்போது தவிசாளர்

மருதஞ்சேனை,
மட்டக்களப்பு.
22.06.2025

அன்பு மகள் கஜானிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் நல்ல சுகம். கனடாவில் உனக்கும் மருமகனுக்கும் குளிர் விட்டு வெயில் வந்திருக்கும். போனில் சொல்லக்கூடிய விசயம்தான். ஆனால் அம்மாவின் பேச்சை எடுத்தாலே நீ "பிறகு எடுக்கிறன் அப்பா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். முழுவதையும் வாசி மகள்.

அம்மா நம் பிரதேச சபைக்குத் தவிசாளராகிவிட்டா. போன வெள்ளிக்கிழமை வாக்கெடுப்பு நடந்தது. மாதர் சங்கத்துப் பெண்கள் வெடி கொளுத்தி, எங்கள் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, அதைப் பிடித்துக் கட்டவே எனக்குப் பொழுதுபட்டுவிட்டது.

ஏழு வருடத்துக்கு முந்தி கட்சிக்காரர், பெண் வேட்பாளர் ஒருவர் குறைகிறது என்று நம் வீட்டுக்கு வந்தது உனக்கு நினைவிருக்கும். மாதர் சங்கத் தலைவிதானே என்று அம்மாவின் பெயரைப் போட்டார்கள். முதல் கூட்டத்திலேயே மற்றக் கட்சி ரதீஸ், "கோட்டாவில வந்த நீங்க தேத்தண்ணியக் குடிச்சிட்டு இருங்க அக்கா, நாங்க கதைக்கிறம்" என்றானாம். அம்மா தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு எழும்பி, யானை வருகிற றோட்டுக்கு விளக்குக் கேட்டாவாம். அந்த விளக்கு எரியுமட்டும் அவ ஓயவில்லை. ரதீஸும் அவவை விடவில்லை. சபை கலையும் வரைக்கும் ஒவ்வொரு கூட்டத்திலும் இரண்டு பேருக்கும் சண்டைதான்.

இந்தத் தேர்தலில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை இல்லை. எங்கள் பக்கம் அம்மாவை நிறுத்தினார்கள், மற்றப் பக்கம் ரதீஸின் கட்சிக்காரன் சிவதர்ஷன். பகிரங்க வாக்கெடுப்பு. ஒரு வாக்கால் தோற்போம் என்பது எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. நான் பின்வரிசை வாங்கில் இருந்தேன். ரதீஸின் பெயரைக் கூப்பிட்டதும் அவன் எழும்பி, "கண்ணகை அக்காவுக்கு" என்று அம்மாவின் பெயரைச் சொன்னான். மண்டபம் ஒரே சத்தம். அவனுடைய கட்சிக்காரர் மேசையில் அடித்தார்கள். இரண்டு நிமிசம் கதைக்க அனுமதி கேட்டான்.

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"போன கார்த்திகை வெள்ளத்தில எங்கட அம்மா மூச்செடுக்க ஏலாமக் கிடந்தா. றோட்டு எது, வயல் வட்டை எது எண்டு தெரியாம எல்லாம் தண்ணி. அவவத் தூக்கி வைச்சுக்கொண்டு நான் அழுதுகொண்டு நிண்டன். அக்காதான் தோணி ஒண்டு பிடிச்சுக்கொண்டு வந்தவ. நெஞ்சு மட்டும் தண்ணிக்க இறங்கித் தள்ளினவ. அண்டைக்கு அவ மெம்பருமில்ல. நான் எந்தக் கட்சி எண்டு கேக்கவுமில்ல. நல்ல நீலப் பட்டுச் சாறி ஒண்டு உடுத்திருந்தா. எங்கயோ விசேசத்துக்கு வெளிக்கிட்டவ போல. எங்க எண்டு கேக்க அந்த நேரம் எனக்குத் தோணல்ல."

மகள், எங்கே என்று எனக்குத் தெரியும். உன் முதல் சம்பளத்தில் நீ வாங்கிக் கொடுத்த சாறி அது. நீ கனடாவுக்குப் போகிற நாள் அது. நானும் நீயும் முதல் நாளே கொழும்புக்குப் போய்விட்டோம். அம்மா காலையில் வேனில் வந்து உன்னை வழியனுப்புவதாக இருந்தது. நீ விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவுக்குள்ளே போகுமட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்தாய். "பதவி இல்லாத நேரத்திலயும் அம்மாவுக்கு ஊர்தானப்பா பெரிசு" என்று சொல்லிவிட்டுப் போனாய். நான் வீட்டுக்கு வந்து கேட்டதற்கு, "தண்ணிக்க அம்பிட்டுட்டன், போனும் நனைஞ்சு போச்சு" என்றதோடு அவ சரி. போன வெள்ளிக்கிழமை வரைக்கும் எனக்கும் அவ்வளவுதான் தெரியும்.

அன்று இரவு, ஏன் புள்ளையிடம் இதைச் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா அவள் அழுவாள். இல்லாட்டி என்னப் பெரிய ஆள் எண்டு நினைப்பாள். ரெண்டும் வேணாம். என்ட புள்ளைய நான் வழியனுப்பப் போகல்லத்தானே, அது உண்மதானே" என்றா. மறுகா அடுப்படிக்குப் போய்விட்டா. நான் பின்னால் போகவில்லை.

ரதீஸிடம் அவன் கட்சி விளக்கம் கேட்டிருக்கிறது. சபைக் கதிரை போனாலும் போகும். நாங்கள் இருவரும் அவன் வீட்டுக்குப் போனோம். அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றா. "போனாப் போகட்டும் அக்கா, எங்கட அம்மா இருக்கா" என்றான் அவன். அந்த மனிசி ஒரு முட்டி எருமைத் தயிரைக் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டு, "புள்ள வெளிநாட்டில நல்லா இருக்காளா?" என்று உன்னைத்தான் முதலில் விசாரித்தா. இப்படிப்பட்ட சனங்களுக்கு நடுவில் வாழக் கொடுத்து வைத்திருக்கிறோம் மகள். உன் அம்மாவோடு வாழக் கிடைத்ததற்கும் நான் நன்றி சொல்லவேண்டும். அவவிடம் நேரே சொன்னால் சிரிப்பா, அதனால் உன்னிடம் சொல்கிறேன்.

சிறுபோக வேளாண்மை குடலைக்கு வந்துவிட்டது, இனிக் கதிர் தள்ளும். பயிர் பச்சைப் பசேல் என்று நிற்கிறது. சமையல் இப்போது பாதி என் பொறுப்பு. மீன் ஆணம் எனக்கு நன்றாக வருகிறது, சொதிதான் திரைந்துபோகிறது.

அடுத்த மாதம் பத்தாந் தேதி, வியாழக்கிழமை, அம்மா தலைமையில் முதல் கூட்டம். காலை எட்டு மணிக்கு வெளிக்கிடுவா. அதற்கு முந்தி அவவுடைய போனுக்கு ஒருக்கா எடு. என்ன கதைப்பது என்று யோசித்துக்கொண்டு இராதே. "அம்மா" என்று கூப்பிட்டால் போதும், மற்றதை அவ கதைப்பா.

நீயும் மருமகனும் எந்தக் குறையும் இல்லாமல் நெடுங்காலம் வாழ அம்மன் துணை நிற்கட்டும்.

உன் பதிலை எதிர்பார்த்திருக்கும்
அப்பா,
நல்லரத்தினம்