முகத்தில் காற்றடிக்கும் பெட்டி

பிள்ளைகளின் அப்பாவுக்கு வணக்கம். உங்கள் கால் வீக்கம் வடிந்ததா? நான் நலம். கவலைப்படும்படி எதுவும் இல்லை.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் இரண்டு கண்ணாடிப் பெட்டிகள் உண்டு. ஒன்று கிருமிக் காற்றை இழுத்து வடிகட்டி, ஆளையும் சோதனைக்கு வரும் மாதிரியையும் சேர்த்துக் காப்பாற்றும். மற்றது மாதிரியை மட்டும் காப்பாற்றும். மாதிரிமேல் பட்ட காற்றை நம் முகத்தில் அடிக்கும். கிருமியில்லாத வேலைக்கு அது போதும், நோயாளியின் சளிக்கு ஆகாது. முதல் பெட்டி பழுதாகிக் கிடக்கிறது. மேற்பார்வையாளர் மற்றதைக் காட்டி, "சளி டெஸ்டுக்கு இதுக்கு முன்னாலேயே உட்காருங்கம்மா, மாதிரி கெடாது" என்றார்.

"நான் கெட்டா பரவாயில்லையா?" என்று கேட்டேன். அன்றிலிருந்து எனக்குப் புட்டி கழுவும் வேலை. இன்று புதிதாக வந்த பெண்ணை அங்கே உட்காரவைத்தார். அவளுக்கும் விஷயம் தெரியும். "மாட்டேன்னா வேலை போயிடும்மா" என்று அழுதாள்.

அந்தப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி, ஒயரைக் கழற்றி, என் பையில் போட்டுக்கொண்டு, நான் தங்கும் அறைக்கு வந்துவிட்டேன்.

கழுவிக் கழுவி விரல் வெடித்திருக்கிறது, களிம்பு அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமையாவது போனை அணைத்துவைக்காதீர்கள். வழக்கம்போல, மன்னிப்புக் கேள் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கதவைத் தட்டுகிறார்கள். "ஒயரைக் குடுங்கம்மா" என்று மேற்பார்வையாளரின் குரல். தட்டட்டும். முதலில் கெட்டுக் கிடக்கும் அந்தப் பெட்டியைப் பழுதுபார்க்கட்டும்.