மூன்று மலகேத்தா இலைகளும் ஒரு முழங்காலும்

பிப்ரவரி 6, செவ்வாய்
இலையில் இருந்த பூஞ்சையின் வித்துத்துகளில் ஐந்து அறை. திரும்பவும் எண்ணினேன், ஐந்துதான்! போர்த்தோ ரீக்கோவில் மலகேத்தா மரத்து இலைமேல் நாங்கள் பார்த்த கறுப்புப் பூஞ்சைகளுக்கெல்லாம் நான்குதான். பதினோரு வருஷம் மலை மலையாய் ஏறி இலை புரட்டியதற்கு ஒரே ஒரு புது இனம். அது கிடைத்த மரத்தைச் சூறாவளி சாய்த்துவிட்டது; மிச்சம் மூன்று இலைகள். வெள்ளிக்கிழமை, புது இனங்களின் பெயரை ஒப்புக்கொள்ளும் குழு வந்து கண்ணால் பார்க்கும். இலை இல்லாவிட்டால் பெயரும் கிடையாது.

பிப்ரவரி 7
இலைகளைக் காணோம்.

அதே நாள், மாலை
எடுத்தது எங்கள் அருங்காட்சியகக் காவலாளி தோன் எவரிஸ்தோ. ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு முழங்காலில் தேய்த்திருக்கிறார்!

"மலகேத்தா இலையை யாராவது தாளுக்குள்ள வச்சுக் காயவிடுவாங்களா, டாக்டரம்மா? மறந்துட்டீங்கன்னு நெனச்சேன்."

மூட்டுவலிக்கு இது எங்கள் ஊர்க் கைவைத்தியம்; நானும் அம்மாவுக்குத் தேய்த்துவிட்டவள்தான். அதுக்காக என் பதினோரு வருஷத்தையா ஊறப்போடுவார் இந்த மனுஷன்? வாய்க்கு வந்தபடி கத்திவிட்டேன்.

பிப்ரவரி 8
பாட்டிலைப் பிடுங்கிப் பதிவு எண் ஒட்டினேன். உள்ளே இலைகள் வழுவழுவென்று இருக்கின்றன. ஒரு புள்ளிகூட இல்லை. அப்படியானால் வித்துகள் எங்கே? — முழங்காலில்.

டேப்பை அவர் காலில் ஒட்டிப் பிய்த்தேன். "ஐயோ! முடியோட வருதே தாயே!"

நுண்ணோக்கியில்: முடி பதினான்கு, பவுடர், வித்து ஒன்று. ஐந்து அறை! குழுவிடம் எதைக் காட்டுவது? அவர் காலையா?

பிப்ரவரி 9, வெள்ளி
காலை ஏழு மணிக்கே உட்கார்ந்து அழுதேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன். தோன் எவரிஸ்தோ காப்பி கொண்டுவந்தார்.

"அந்தக் கறுப்புப் புள்ளிக்கா இத்தனை அழுகை? எங்க வீட்டு மலகேத்தா பூரா அதேதானே. உங்க இலையில புள்ளி கம்மியா இருந்துச்சு, அதான் எடுத்தேன்."

"ஏன் முன்னாடியே சொல்லல?"

"எடுத்த இலை எங்கேன்னு திட்டுனீங்க. மரம் இருக்கான்னு கேட்டீங்களா?"

அவர் வீடு அருங்காட்சியக மதிலுக்கு அந்தப் பக்கம். ஓடினேன். கிளை முழுக்கப் புள்ளி, எண்ணி மாளாது. நான்கு இலைகளில் பார்த்தேன், எல்லாம் ஐந்து அறை. பதினோரு மணிக்குக் குழு பெயரை ஒப்புக்கொண்டது.

மரத்தின் பாதி மதிலைத் தாண்டி எங்கள் பக்கம் சாய்ந்திருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த நிழலில்தான் என் காரை நிறுத்துகிறேன்.