புதுக் கொலுசு

ஷோபனா அக்கா,

எதிர்வீடுதான். ஆனாலும் தட்டத் தைரியமில்லாம இதைக் கதவுக்கு அடியில தள்ளிட்டுப் போறேன்.

அகல்யாவுக்குக் கண்ணுல அந்த அபூர்வப் புற்றுநோய்னு தெரிஞ்சப்போ, குவார்ட்டர்ஸ் முழுக்க வீடு வீடா ஏறி இறங்கி எங்களுக்காகப் பணம் கேட்டவங்க நீங்க. அவளோட ஆறாவது பிறந்தநாள் அன்னிக்கு, ஆவடி பேக்கரி வாசல்ல என்னைப் பார்த்தீங்க. ஒரு வார்த்தை சொல்லலை. என் கையிலிருந்த கேக் டப்பாவை மட்டும் பார்த்தீங்க. வைத்தியத்துக்குக் கேட்டு வாங்கின காசுல கேக்கான்னு நீங்க கேட்ட மாதிரியே இருந்துச்சு. அதோட உங்ககிட்டப் பேசறதை நிறுத்திட்டேன். மூணு வருஷம் ஆச்சு.

அதுக்கப்புறம் அவளுக்குக் கேக் வாங்க வேண்டி வரலை.

இப்போ நெமிலிச்சேரியில ஒரு குழந்தைக்கு அதே நோய். அவங்களுக்காக நான்தான் எல்லார்கிட்டயும் பணம் கேட்டு அலையறேன். நேத்து அவங்க வீட்டுக்குப் போனேன். பாப்பா காலில் புதுக் கொலுசு. நான் ஒண்ணுமே சொல்லலை அக்கா, சத்தியமா. ஆனா அவ அம்மா சட்டுனு பாப்பாவோட பாவாடையை இழுத்து அதை மூடினா.

என் முகம் எப்படி இருந்திருக்கும்னு உங்களுக்குத்தான் தெரியும்.

ஞாயித்துக்கிழமை அங்கே ஒரு கேக் எடுத்துக்கிட்டுப் போறேன். பிறந்தநாள் எல்லாம் இல்லை, சும்மாதான். நீங்களும் வாங்க. அந்த அம்மா பார்க்க, நாம ஆளுக்கு ரெண்டு துண்டு சாப்பிடணும்.

இப்படிக்கு,
உங்க எதிர்வீட்டுக்காரி