தண்ணீர் கேட் வரைக்கும்தான் வந்தது

சிகாமட்,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு மகள் ஷர்மினிக்கு, அம்மா எழுதுகிறேன். நலமா என்று கேட்டால் நீ நலம் என்பாய், நானும் அதையே சொல்வேன், இரண்டு பேரும் போனை வைத்துவிடுவோம். அதனால் இந்த முறை கேட்காமலே தொடங்குகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ மூன்று மாதமாகக் கேட்கும் அப்பாவின் படங்களைப் பற்றித்தான் ஒன்று சொல்ல வேண்டும், போனில் என்றால் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன், கடிதம் நீ இருக்கும் கிறைஸ்ட்சர்ச் வந்து சேர இரண்டு வாரமானாலும் பரவாயில்லை என்று எழுத உட்கார்ந்தேன்.

போன புதன்கிழமை ஜோகூர் பாருவிலிருந்து நான்கு கல்லூரி மாணவர்கள் எங்கள் பள்ளிக்கு வந்தார்கள், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பருவநிலை மாற்றம் பற்றிச் சொல்லித்தர. என் வகுப்பு என்பதால் நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். முதலில் திரையில் பனிமலை உருகுவதையும் வெள்ளைக் கரடியையும் காட்டினார்கள், பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். ஹேமநாதன் என்று ஒரு வாலு இருக்கிறான், அக்கா எங்க வீட்டுல ஐஸ் பெட்டியில மட்டும்தான் ஐஸ் இருக்கு, அதையும் தம்பி தின்னுட்டான் லா என்றான். அந்தக் குழுவில் ருமானா என்ற பெண், உன்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவள், சிரித்துக்கொண்டே கணினியை மூடிவிட்டாள். சரி, போன வருஷ வெள்ளத்துல உங்க வீட்டுல தண்ணி எவ்வளவு வந்துச்சு, எழுந்து நின்னு உங்க உடம்புலயே காட்டுங்க என்றாள். ஒருவன் முழங்காலைத் தொட்டான், ஒருத்தி இடுப்பை. ஹேமநாதன் நாற்காலியில் ஏறித் தலைக்கு மேலே கையை வைத்தான். அலமாக், புளுகுறான் லா என்று எல்லோரும் கத்தினார்கள். அவன் புளுகவில்லை, அவர்கள் வீடு ஆற்றோரம்.

அப்புறம் அவள் என்னைப் பார்த்து, டீச்சர் உங்க வீட்டுல என்றாள். யோசிக்கவே இல்லை, கேட் வரைக்கும்தான் என்று வாய் தானாகச் சொன்னது. உன்னிடம் சொன்ன அதே வார்த்தை. முன் வரிசையிலிருந்து நுஸ்ரத் திரும்பி, டீச்சர், மண்டபத்துல நீங்க எங்க பக்கத்துலதானே படுத்திருந்தீங்க, எங்கம்மா போர்வை குடுத்தாங்களே என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை, நான் மறந்துவிட்டேன் என்று நினைத்து எடுத்துக்கொடுத்தாள். யாரும் சிரிக்கவில்லை. நான் எழுந்து மார்புக்கு நேரே கையை வைத்துக் காட்டினேன்.

அதுதான் உண்மை, ஷர்மினி. ஆறு நாள் அந்த மண்டபத்து நிவாரண மையத்தில் இருந்தேன். நீ வேலையில் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது, விழுந்தடித்துக்கொண்டு வருவாய் என்று பயந்தேன், அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன். வந்தால் வீட்டை விற்றுவிட்டு என்கூட வாங்கம்மா என்பாய், அதுதான் நிஜமான பயம். நீ கூப்பிட்டபோது மண்டபத்துப் படிக்கட்டுக்குப் பின்னால் போய்க் கேமராவை அணைத்துவிட்டு, லைன் சரியில்லை என்றேன். உள்ளே ஒவ்வொருவரையும் தேடி யாராவது வந்துகொண்டிருந்தார்கள். என்னைத் தேடிய ஒரே ஆள் நீ, உன்னிடமும் சொல்லவில்லை. அந்த ஆறு நாளில் நான் ரொம்பத் தனியாக இருந்தது உன்னோடு பேசிய அந்தப் பத்து நிமிடம்தான்.

படங்கள் கீழ் அலமாரியில் இருந்தன. மூன்று ஆல்பமும் போய்விட்டது. வெயிலில் காயவைத்துப் பார்த்தேன், தாளைப் பிரித்தால் முகம் எதிர்ப் பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஸ்கேன் செய்ய நேரமில்லை என்று நான் சொன்னதெல்லாம் பொய்.

அன்றைக்குப் பிள்ளைகள் வெள்ளம் திரும்ப வருமா என்று கேட்டார்கள். நானாக இருந்தால் வராது, பயப்படாதீங்க என்றிருப்பேன். ருமானா வரலாம் என்றாள். காத்து சூடானா நிறைய ஈரத்தைத் தாங்கிக்கும், கொட்டினா மொத்தமா கொட்டும், கரியும் எண்ணெயும் எரிக்கிறதைக் குறைக்கச் சொல்லிப் பெரியவங்களை விடாம கேளுங்க, ஆனா தண்ணி வந்தா முதல்ல யார்கிட்ட சொல்வீங்க, அதை இப்பவே எழுதுங்க என்று ஆளுக்கொரு தாள் கொடுத்தாள். எனக்கும் ஒன்று கிடைத்தது. பிள்ளைகள் உடனே எழுதிவிட்டார்கள். நான் உன் பெயரை எழுதிவிட்டு, யாரும் பார்க்கக் கூடாது என்று மடித்துக்கொண்டேன்.

வீட்டை விட்டு வருவது பற்றி இன்னும் எனக்குத் தெரியவில்லை. கோபப்பட வேண்டுமென்றால் கோபப்படு, அப்பா போன பிறகு என்னிடம் கோபப்படவும் இந்த வீட்டில் ஆள் இல்லை. குளிரில் வெறும் ரொட்டியைத் தின்று ஓட்டாதே, சோறு வடி. எந்தக் குறையும் இல்லாமல் நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், தினமும் அதைத்தான் வேண்டிக்கொள்கிறேன்.

படங்களில் என்னென்ன இருந்தது என்று நினைவில் இருப்பதை எழுதி இதோடு வைத்திருக்கிறேன், பதினொரு பக்கம். ஆயர் ஈத்தாம் ஊரில் பானைக் கடை முன்னால் எடுத்த படத்தில் நீ ஒரு மண் யானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முறைக்கிறாய், அப்பா உன் பின்னால் நிற்கிறார். அவர் சட்டை என்ன நிறம் என்று எனக்கு நினைவு வரவில்லை. அந்த இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். உனக்குத் தெரிந்தால் எழுது. தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுது.

உன் அம்மா
செல்வராணி